அடுப்புக்கு இடப்பக்கம்

பேருந்து டிப்போ கேன்டீனில் அவளுக்குப் பெயர் கண்ணளவு அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பாத்திரம் கழுவச் சேர்ந்தவள், இப்போது முந்நூறு பேருக்குத் தலைமைச் சமையல். ஒருமுறை மேலதிகாரி ஒருவர் கேன்டீனில் சாமான் வீணாகிறதோ என்று சந்தேகப்பட்டு, ஒரு தராசைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தார். அரிசி இவ்வளவு, உப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று சுவரில் ஒரு தாளும் ஒட்டினார். அக்கா உப்பு ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துத் தராசில் போட்டாள். முள் தாளில் எழுதியிருந்த எண்ணில் போய் நின்றது. "இன்னொரு தடவை போடட்டுங்களா சார்?" என்று கேட்டாள். அவர் வேண்டாமென்று சொல்லிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தத் தராசின் மேல் பிடிதுணி காயப்போட்டார்கள்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். கண் கவுன்டரில் நிற்பவர் முகத்தில் இருக்கும். வாய், அவருடைய மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று விசாரித்துக்கொண்டிருக்கும். கை மட்டும் தன்பாட்டுக்கு முட்டையை உடைக்கும், உப்பைத் தூவும், கரண்டியைத் திருப்பும். என்ன செய்தது என்று கையைத்தான் கேட்க வேண்டும், அக்காவுக்குத் தெரியாது. அதில் அவளுக்குப் பெருமை, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. வேலை கற்றுக்கொள்ள வந்தவர்கள் "எவ்வளவு போடணும்க்கா?" என்று கேட்டால் "போதும்னு தோணுற வரைக்கும்" என்பாள். அதற்குமேலும் துருவினால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அவள் நிற்கிற அடுப்படியில் இன்னொருவர் நிற்கக் கூடாது என்பது மற்றொரு சட்டம். கேன்டீனில் எப்படியோ அப்படித்தான் வீட்டிலும். கணவர் அதே டிப்போவில் டிரைவர். எப்பேர்ப்பட்ட சந்திலும் பேருந்தை நுழைத்துத் திருப்பிவிடுகிற மனிதர், சொந்த வீட்டு அடுப்படி வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றுதான் கேட்பார்.

இந்த அக்காவுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை. பத்து வயது இளையவள். நாற்பத்தொன்று முடிந்தும் வீட்டில் இன்னும் பாப்பாதான். வேறு ஊரில் பல் செட் செய்கிற வேலை பார்க்கிறாள். அச்செடுத்து, மெழுகில் பல் வைத்து, பொடியையும் திரவத்தையும் கிராம் பிசகாமல் நிறுத்துக் கலக்க வேண்டும். மயிரிழை கூடிவிட்டால் போதும், போட்டுக்கொண்டவர் வாய் புண்ணாகிவிடும். அக்கா கண்ணால் அளப்பவள் என்றால் பாப்பா கண்ணையே நம்பாதவள்.

சின்ன வயதிலிருந்தே பாப்பா நோஞ்சான். சாப்பிட்டால் வயிறு உப்பும், வலிக்கும், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மூலையில் சுருண்டுகொள்வாள். நாக்கு நீளம் என்றார்கள், அழிச்சாட்டியம் என்றார்கள். முப்பத்தெட்டாவது வயதில்தான் ஒரு டாக்டர் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துக் காரணத்தைச் சொன்னார். கோதுமையில் இருக்கிற பசைச் சத்து அவள் குடலை அரிக்கிறது. மருந்து கிடையாது. ஆயுசுக்கும் கோதுமை கூடாது; ரொட்டித் துணுக்கு ஒட்டிய கரண்டிகூட ஆகாது.

அன்றிலிருந்து பாப்பா யார் வீட்டிலும் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டி வருவாள், "சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்பாள், அடுத்த சாப்பாட்டு நேரத்துக்கு முன் கிளம்பிவிடுவாள். கைப்பைக்குள் ஒரு நீல நிற டப்பா இருக்கும். அதில் அரிசி பிஸ்கட். அடுத்தவர் வீட்டில் அந்த டப்பா பையைவிட்டு வெளியே வந்து பார்த்தவர்கள் கிடையாது. அக்கா வீட்டுக்கும் இரண்டு முறை இப்படித்தான் வந்துபோனாள். முந்நூறு பேரைத் தட்டை வழித்துச் சாப்பிட வைக்கிற கை, தான் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு ஒரு வாய் போட முடியவில்லை. அது அக்காவை உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் பாப்பா தொலைபேசியில் அழைத்தாள். அக்கா இருக்கும் ஊரிலுள்ள பல் மருத்துவமனையில் புது இயந்திரம் வந்திருக்கிறது, அதில் ஆறு மாதப் பயிற்சி.

"ஹாஸ்டல்ல ஒரு ரூம் இருக்குக்கா. தனியா அடுப்பு வெச்சுக்கலாமாம்."

"பையன் வேலைக்கு வெளியூர் போனதிலேருந்து அவன் ரூம் சும்மாதானே கிடக்கு. நான் இருக்கறப்போ நீ ஹாஸ்டல்ல தங்கினா, டிப்போல நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்?"

"டிப்போக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"பேச்சை மாத்தாதே."

அந்தப் பக்கம் ஏதோ தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு பாப்பா சொன்னாள்: "புதன்கிழமை வர்றேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்து பாக்கறேன். அன்னிக்குத்தான் ஹாஸ்டலுக்குப் பதில் சொல்லணும்."

"அஞ்சு நாள்ல என்ன தெரியும் உனக்கு?"

"எனக்குத் தெரியாது. வயித்துக்குத் தெரிஞ்சிடும்."

மறுநாள் இரண்டு பக்கத்துக்கு ஒரு பட்டியல் வந்து சேர்ந்தது. என்னென்ன கூடாது, எதெதில் கோதுமை ஒளிந்திருக்கும், மரப்பலகையும் மரக்கரண்டியும் ஏன் ஆகாது, எந்தெந்தப் பொட்டலத்தில் எதைப் படித்துப் பார்க்க வேண்டும். "என் சமையலுக்கு இவ பாடம் எடுக்கறா பாத்தீங்களா" என்று அக்கா டிரைவரிடம் முறையிட்டாள். முறையிட்டுவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் மூன்று தடவை படித்தாள்.

அதன் பிறகு வீடு பட்ட பாடு சொல்லி மாளாது. கோதுமை மாவு, ரவை, ரொட்டி, பிஸ்கட் எல்லாம் மூட்டையாகக் கட்டப்பட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயின. புது வாணலி, புது கரண்டி, புது வெட்டுப்பலகை வந்தன. அலமாரித் தட்டுகளை வெந்நீர் விட்டுக் கழுவினாள். அடுப்பு மேடையில் இருந்த தீப்பெட்டி, பிடிதுணி, எண்ணெய் பார்க்கிற டப்பா என்று ஒவ்வொன்றையும் எடுத்து, அழுத்தித் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். டிரைவர் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே சட்டையை உதறிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று உத்தரவு.

"ரொட்டியை விரட்டினே, சரி. ரொட்டி தின்னவனையும் சேத்து விரட்டுறியேம்மா" என்றார் அவர்.

"ஆறு மாசம் டிப்போலயே தின்னுட்டு வாங்க. செத்தா போயிடுவீங்க?"

"சட்டை மட்டும் போதுமா, வாயையும் உதறணுமா?"

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது விளையாட்டு இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் பாப்பா வந்தாள். கையில் ஒரு பெட்டி, தோளில் அந்தக் கைப்பை. வந்து கை கால் கழுவிக்கொண்டவள் நேராக அடுப்படி வாசலுக்கு வந்தாள். "அக்கா, எனக்கு மட்டும் நானே கொஞ்சம் சமைச்சுக்கட்டுமா? உனக்கும் வேலை மிச்சம்."

"நீ போய் மாமாகூட உக்காந்து பேசு. இங்க வந்து நிக்காதே."

"நிக்கலை. சும்மா பாத்துட்டு..."

"பட்டியல்ல இருக்கறது அத்தனையும் பண்ணியாச்சு. வேணும்னா உன் பட்டியலையே கரைச்சுக் குடிச்சுக் காட்டட்டுமா?"

பாப்பா போய் உட்கார்ந்துகொண்டாள். சோறு, கீரை, மொறுமொறுவென்று வறுத்த உருளைக்கிழங்கு, ஆளுக்கு இரண்டு பொரித்த முட்டை. பாப்பா முதலில் பயந்து பயந்து கொறித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு இருக்காக்கா?" என்றாள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டாள். டிரைவர் தன் தட்டில் இருந்ததைக் கையால் மறைத்துக்கொண்டார். மூவரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை குளியலறைக் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் மற்ற சத்தம் வெளியே கேட்காமலிருக்க அப்படிச் செய்கிறாள் என்பது, அவளைக் கைக்குழந்தையிலிருந்து பார்த்தவளுக்குத் தெரியாதா. வெளியே வந்த பாப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"லேசா தலைவலி" என்றாள்.

"தலைவலிக்கு எதுக்கு வயித்தைப் பிடிச்சுக்கறே?"

பாப்பா கையை எடுத்துக்கொண்டாள். பயிற்சிக்குப் போகாமல் அன்று முழுக்கச் சுருண்டு படுத்திருந்தாள். அக்கா டிப்போவுக்குப் போய் வந்தாள், வேலை ஓடவில்லை. அத்தனையும் புதுசு, அத்தனையும் கழுவியது, எங்கிருந்து வந்தது? "வெளியில ஏதாவது சாப்பிட்டியா, வர்ற வழியில?" என்று கேட்டுப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள் பாப்பா. வெளியிலும் இல்லை என்றால் இந்த வீட்டில்தான். இந்த வீட்டில் என்றால் தன் கையால்தான். அந்த இடத்துக்கு வந்ததும் அக்காவின் மனசு வீம்பாகத் திரும்பிக்கொண்டது. என் கையால் இருக்காது என்றது.

வியாழன் இரவும் வெள்ளி பகலும் பாப்பா வெறும் சோறும் உப்பும் தின்றாள். அதைத் தானே தனியாக வடித்துக்கொண்டாள், அக்கா டிப்போவில் இருந்த நேரமாகப் பார்த்து. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா கீரை கடைந்து, கிழங்கு வறுத்துக் கூப்பிட்டபோது, அறைக்குள்ளிருந்து "எனக்குப் பசியில்லைக்கா" என்று குரல் வந்தது. அக்கா போய்க் கதவைத் தள்ளினாள். பாப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பைக்குள்ளேயே கையை விட்டு, டப்பாவை வெளியே எடுக்காமல், அரிசி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. வாயில் வந்ததைக் கொட்டிவிட்டாள்.

"சின்ன வயசுலேயும் இப்படித்தான். நான் ஆக்கிப் போட்டதைத் தள்ளிவெச்சுட்டு மூலையில போய் உக்காருவே. ஊரே என் கைச் சாப்பாட்டை நக்கித் தின்னுது. உனக்கு மட்டும் அது விஷம்."

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

பாப்பா பிஸ்கட்டை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகத்தான் பேசினாள். "நான் உன்னைக் குத்தம் சொல்லலைக்கா. நான் எதுக்கு யார் வீட்டுலயும் தங்கறதில்லைன்னு நினைக்கறே? வயித்துவலி எனக்குப் பழகிப்போச்சு. ரெண்டு நாள்ல சரியாயிடும். ஆனா, சமைச்சவங்க முகம் இருக்கு பாரு, அதைத்தான் பாக்க முடியலை. நான் படுத்துட்டா அவங்க குத்தவாளி மாதிரி நிக்கறாங்க. அப்புறம் கோவம் வருது. அப்புறம் நான்தான் அவங்களைச் சமாதானப்படுத்தணும். எங்க போனாலும் இதேதான். ஹாஸ்டல்ல யார் முகத்தையும் பாக்க வேணாம்."

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். வறுத்த கிழங்கு தொடாமல் ஆறிக் கிடந்தது. டிரைவர் தட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள விரும்பாமல் எடுத்துச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை. முதல் ஷிப்ட் ஆட்கள் பசியோடு வரிசையில் நின்றார்கள். அக்கா பெரிய வாணலியில் எண்ணெய் ஊற்றினாள். கவுன்டரில் ஒரு கண்டக்டர், பாப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். "ஏதோ இருக்கா" என்று சொல்லிக்கொண்டே அக்கா இடது கையை நீட்டினாள். விரல்கள் தகரத்தில் இடித்தன. டப்பா காலி.

ஸ்டோர் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "இங்க மாவு தீந்துபோச்சு. கொஞ்சம் கோதுமை மாவு கொண்டாங்க."

ஸ்டோர்க்காரர் எட்டிப் பார்த்தார். "கோதுமை மாவா? இன்னிக்கு ரொட்டி கிடையாதே அக்கா. எதுக்கு?"

"எண்ணெய் பாக்கறதுக்குய்யா, வேறெதுக்கு..."

அதோடு பேச்சு நின்றது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

வறுக்கவோ பொரிக்கவோ எண்ணெய் ஊற்றினால், அது காய்ந்துவிட்டதா என்று பார்க்க அக்கா ஒரு சிட்டிகை மாவைத் தூவுவாள். சுர்ரென்று பொரிந்து சிவந்தால் பதம் வந்துவிட்டது. முதன்முதலில் அவளைக் கரண்டி பிடிக்கவிட்ட நாளில் அப்போதைய தலைமைச் சமையல்காரர் காட்டிக்கொடுத்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை செய்வாள். அடுப்புக்கு இடப்பக்கம் அதற்கென்றே ஒரு சின்னத் தேயிலை டப்பா. கேன்டீனில் ஒன்று, வீட்டில் ஒன்று. அதில் இருப்பது மாவு என்றே அவள் நினைத்ததில்லை. அது சாப்பாட்டுச் சாமானே இல்லை, தீப்பெட்டி மாதிரி. வீட்டிலிருந்த கோதுமையையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பிய அன்று, அந்த டப்பாவை எடுத்துத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தவள் அவள்தான். புதன்கிழமை உருளைக்கிழங்கு வறுக்க ஒரு சிட்டிகை. முட்டை பொரிக்க இன்னொரு சிட்டிகை. டிரைவரோடு பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"அக்கா, முட்டை கருகுது" என்றார் கண்டக்டர்.

எப்போது உடைத்து ஊற்றினாள் என்பதே அவளுக்கு நினைவில்லை. அடுப்பை அணைத்தாள். உதவிச் சமையல்காரியின் கையில் கரண்டியைக் கொடுத்து "நீ பாத்துக்கோ" என்றாள். கரண்டி பிடித்த நாளிலிருந்து அவள் அதை இன்னொருவர் கையில் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

பேருந்தில் உட்கார இடமிருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். என் கைதான், என் கைதான் என்று மனசு அடித்துக்கொண்டது. அதோடு விட்டதா? விடவில்லை. இன்னும் பின்னால் போயிற்று. அம்மா மில்லில் மாற்றி மாற்றி ஷிப்ட் பார்த்த காலம். அக்காவுக்குப் பதினான்கு வயது, பாப்பாவுக்கு நான்கு. வயிறு வலிக்கிறது என்று அழுகிற பாப்பாவை மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, கரண்டி கரண்டியாகக் கோதுமைக் கஞ்சி ஊற்றியிருக்கிறாள். வயிற்றுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். அழ அழ ஊற்றினாள். வலி கூடினால், கஞ்சி போதவில்லை என்று இன்னும் ஊற்றினாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பாப்பா பள்ளிக்கூடம் போகிற வரைக்கும்.

வீட்டில் பாப்பா பெட்டியைத் திறந்துவைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா நேராக அடுப்படிக்குப் போய், அந்தத் தேயிலை டப்பாவை எடுத்துவந்து, பாப்பா முன்னால் மேஜையில் வைத்தாள்.

"இதுதான்."

"என்னது இது?"

"மாவு. கோதுமை மாவு. எண்ணெய் காஞ்சுதான்னு பாக்க ஒரு சிட்டிகை போடுவேன். நான் போடறேன்னே எனக்குத் தெரியாது பாப்பா. சத்தியமா தெரியாது. இந்தக் கை போட்டிருக்கு."

பாப்பா டப்பாவை எட்டிப் பார்த்தாள். தொடவில்லை. ஆச்சரியத்தோடு, "என் பட்டியல்ல இது இல்லையே" என்றாள். இரண்டு பக்கம் எழுதியவளுக்கு ஒரு வரி விட்டுப்போனது தாங்கவில்லை போலிருந்தது.

அக்கா நாற்காலியில் இடிந்து உட்கார்ந்தாள். "கஞ்சியும் நான்தான் குடுத்தேன்" என்றாள். "உனக்கு ஞாபகம் இருக்காது. மூக்கைப் பிடிச்சு ஊத்தினேன். நீ வலிக்குதுன்னு சொல்லச் சொல்ல ஊத்தினேன்."

"ஞாபகம் இருக்கு."

"இருக்கா?"

"டாக்டர் கோதுமைன்னு சொன்னதுமே அந்தக் கரண்டிதான்கா எனக்கு ஞாபகம் வந்தது. பிடி வளைஞ்சிருக்கும்."

"மூணு வருஷமா தெரியுமா உனக்கு? ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ இப்படி உக்காருவேன்னுதான்." பாப்பா மடித்த துணியைப் பெட்டிமேல் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "வீட்டுல வேற என்ன இருந்துச்சு அக்கா அப்போ? இருந்ததே அந்த ஒரு குவளைக் கஞ்சி. நீயும் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே. எனக்கு ஊத்திட்டு, மிஞ்சினா சட்டியை வழிச்சு நக்குவே. எனக்கு அதுவும்தான் ஞாபகம் இருக்கு."

அக்கா அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழப் பார்த்து, முடியாமல், சத்தமாகவே அழுதாள். பாப்பா சமாதானம் சொல்லவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அடுப்படிக்குள் போய் எடுத்துவந்தாள் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

அழுது முடித்த அக்கா டப்பாவைப் பையில் போட்டுக் கட்டி, வாசலுக்கு வெளியே குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மத்தியானம் வந்த டிரைவரை அப்படியே திருப்பிக் கடைக்கு அனுப்பினாள். இன்னொரு புது வாணலியோடு வந்தவர், "வீட்டுல மூணு பேருதானே, மூணு நாளைக்கு ஒரு வாணலியான்னு கடைக்காரர் கேக்கறாரு" என்றார்.

சாயங்காலம் அடுப்பு பற்றவைக்கும்முன் அக்கா அறை வாசலில் வந்து நின்றாள்.  முந்நூறு பேர் நடுவில் நின்று பேசத் தயங்காதவளுக்கு அந்த ஒரு வாக்கியம் வெளியே வரப் படாதபாடு பட்டது.

"பாப்பா, நீ அடுப்படிக்கு வரணும்."

"எதுக்கு?"

"என் கையைப் பாத்துக்கிட்டே இருக்கணும். நான் பாத்தா அதுக்குப் புரியாது. அது என்ன பண்ணுதுன்னு நீதான் சொல்லணும்."

பாப்பா கட்டிலைவிட்டு எழுந்தாள். பிறகு ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய் அடுப்படி மூலையில் போட்டு உட்கார்ந்தாள். டிரைவர் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு இருபத்தெட்டு வருஷமா கிடைக்காத சீட்டு" என்றார்.

அக்கா எண்ணெய் ஊற்றினாள். அன்று கிழங்கைப் பற்றிப் பேச்செடுத்தாள், விலையைப் பற்றிப் பேசினாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். இடது கை மெல்ல நீண்டது. டப்பா இருந்த இடத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், இரண்டு விரல்கள் காற்றைக் கிள்ளின. கிள்ளி எடுத்ததை எண்ணெய்மேல் கொண்டுபோய்ப் பக்குவமாகத் தூவின.

"அக்கா."

"என்ன?"

"இப்போ ஒரு சிட்டிகை போட்டே."

அக்கா தன் கையைப் பார்த்தாள். விரல்கள் இன்னும் சேர்ந்தே இருந்தன.

"அளவு சரியா இருந்துச்சா?" என்றாள் பாப்பா. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், முக்காலியில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்கு முதலில் ரோஷம் வந்தது. பிறகு அவளும் சிரித்தாள். ஒரு துண்டு கிழங்கை எண்ணெயில் போட்டுப் பார்த்தார்கள். அது பொரிந்தது, மாவில்லாமலே எண்ணெயின் பதம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். அன்று ராத்திரி பாப்பா இரண்டு துண்டுதான் சாப்பிட்டாள். அக்கா இன்னும் போடவா என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அக்கா எழுந்து குளியலறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தாள். குழாய் திறந்தது, ஒரு நிமிஷத்தில் மூடிக்கொண்டது. பாப்பா பல் விளக்கிவிட்டு வந்து செய்தித்தாளைப் பிரித்தாள். முகத்தில் ரத்தம் இருந்தது. அக்கா எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அதுவே ஒரு பாரமாகப் போய் அவள்மேல் உட்காரும் என்று இப்போது தெரிந்திருந்தது. அறை மூலையில் பெட்டி மூடியபடிதான் இருந்தது, துணியெல்லாம் அதற்குள்தான் இருந்தது.

பத்து மணிக்குப் பாப்பா போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அக்கா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, நறுக்கியதையே திரும்ப நறுக்கினாள். வெளியிலிருந்து "சரிங்க", "பரவாயில்லைங்க", "நன்றி" என்பது மட்டும் கேட்டது. இதை எந்தக் கண்ணளவில் அளப்பது? போகிறவளும் நன்றி சொல்வாள், இருக்கிறவளும் நன்றி சொல்வாள். போனால் போகட்டும், அங்கே நன்றாகச் சாப்பிட்டால் சரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசு அதை நம்பவில்லை.

பாப்பா உள்ளே வந்து, அக்காவின் முதுகுக்குப் பின்னால் அடுப்பைக் கடந்துபோய், முக்காலியில் உட்கார்ந்தாள்.  அக்கா வாணலியை வைத்து எண்ணெய் ஊற்றினாள். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே இடது கை அதன் பழைய இடத்துக்குப் போயிற்று. அங்கே விரல்கள் எதிலோ முட்டின.

திரும்பிப் பார்த்தாள். அடுப்புக்கு இடப்பக்கம், தேயிலை டப்பா இருந்த அதே இடத்தில், பாப்பாவின் நீல டப்பா இருந்தது.

"அங்க ஏதாவது இருந்தாத்தான் உன் கை சும்மா இருக்கும் போலிருக்கு" என்றாள் பாப்பா. "ஆறு மாசத்துக்கு அது அங்கேயே இருக்கட்டும்."

அக்கா டப்பாவைக் கையில் எடுத்தாள்.  மூடியை அழுத்திப் பார்த்தாள். சரியாக மூடாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.

"இறுக்கி மூடி வைக்கக் கூடாதா?" என்றாள் கடைசியில். "பிஸ்கட்டெல்லாம் நமத்துப் போயிடும்."